பாகமா, பங்கா: அமெரிக்காவிலிருந்து வந்த பவர் பத்திரமும் நான் பட்ட பாடும்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பி பேரில் ஊரில் ஒரு வீடோ மனையோ இருந்து, அதை விற்க உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலைமை வந்தால் இதை ஒரு தடவை படித்துவிட்டு பத்திர எழுத்தரிடம் போங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். கீழ ரத வீதிப் பக்கம் நான் வைத்திருக்கும் சின்ன ஃபேன்சி கடையைச் சாத்திவிட்டுச் சாத்திவிட்டுத்தான் எல்லாவற்றுக்கும் ஓடினேன். சித்திரையில் பேசி முடித்த கிரயம் ஆவணிக் கடைசியில்தான் பதிவானது. வில்லங்கம் எதுவும் இல்லை, வழக்கு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் வீட்டின் இடங்களுக்கும் பகுதிகளுக்கும் போட்ட நாலைந்து சொற்கள்தான் அத்தனை நாளையும் தின்றன.

எங்கள் பூர்வீக வீடு திருநெல்வேலி டவுனில், பல வீடுகள் சேர்ந்த ஒரு வளவுக்குள் இருக்கிறது. 1994-ல் அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகப்பிரிவினை எழுதிப் பதிந்துவிட்டார். தென்பாகம் எனக்கு, வடபாகம் தம்பிக்கு. நடுவில் சுவர் எழுப்பி, தனித்தனி வாசல் வைத்து, தீர்வையும் தனித்தனியாகத்தான் கட்டிவருகிறோம். அந்தப் பத்திரத்தின் தபசிலை, அதாவது சொத்து விவரத்தை, படித்தால் வீட்டுக்குள் நடந்து போவது போலவே இருக்கும். தார்சா என்கிற முன்பக்க வராண்டா, பட்டாசல் என்கிற ஹால், இரண்டாங்கட்டு, அடுக்களை, அதற்கு மேல் மச்சு, புறவாசல் காலியிடம், கிணற்றில் பொதுப் பாத்தியம், முடுக்கு என்கிற சந்து வழியாக நடைபாதைப் பாத்தியம் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரே தம்பியின் பாகத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். வங்கிக் கடன் போட்டு வாங்குவதாகப் பேச்சு. தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான், லீவு கிடையாது. "அக்கா, உம் பேருக்கே பவர் கொடுத்துடுதேன், நீயே முடிச்சிரு" என்றான்.

பவரை ஏன் ஆங்கிலத்தில் எழுதினோம் என்று கேட்பீர்கள். அங்கே நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வாசிக்க முடியாத மொழியில் பத்திரம் இருந்தால் தயங்குவார்கள் என்று தம்பி சொன்னான். நம் ஊர்ப் பதிவு அலுவலகத்திலும் ஆங்கிலப் பத்திரத்தை வாங்குவார்கள். அதனால் இங்கே ஒரு பத்திர எழுத்தரிடம் பாகப்பிரிவினை நகலைக் கொடுத்து, ஆங்கிலத்தில் அடித்துத் தரச் சொன்னேன். மறுநாளே கையில் கிடைத்தது. தம்பிக்கு மெயிலில் அனுப்பினேன். அவன் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு, மாநில அரசிடம் அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டில் செல்லும்படி கொடுக்கிற சான்று) வாங்கி, கூரியரில் அனுப்பிவிட்டான். 2005-லிருந்து இந்தியாவும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்துக்கு அலையும் வேலை மிச்சம். வந்த பத்திரத்துக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வையும் கட்டினேன். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும், இந்திய முத்திரைச் சட்டத்தில் இருக்கிறது. கூரியர் கவரைத் தூரப் போடாதீர்கள். என்றைக்கு வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அதுவரை எல்லாம் சுமுகம். வாங்குபவரின் வங்கி லீகல் பார்க்கிற வக்கீலிடம் அனுப்பிய பிறகுதான் பிடித்தது சனி. ஆனி மாதம் ஒரு மத்தியானம், கடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரிப்பன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்தார். "ஒங்க தம்பிக்கு இன்னும் பாகம் பிரிக்கலயாமே. லோன் தர மாட்டாங்களாம்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. கையில் பதிவான பாகப்பிரிவினை இருக்கிறது, நடுவில் சுவர் நிற்கிறது, அப்புறம் என்ன பிரிக்கவில்லை?

பவரில் 'மை ஷேர் இன் தி ஹவுஸ்' என்று அடித்திருந்தார்கள். எல்லாக் குழப்பத்துக்கும் ஆணிவேர் அதுதான். தமிழில் பாகம் என்றால் நமக்குக் கிடைத்த உரிமையும் பாகம்தான், சுவர் வைத்துப் பிரித்த வீட்டுப் பகுதியும் பாகம்தான். ஆங்கிலப் பத்திரத்தில் அவை இரண்டும் வேறு வேறு. ஷேர் என்று மட்டும் எழுதினால், சொத்து முழுவதும் பொதுவாகக் கிடக்கிறது, அதில் இவருக்கு இத்தனை பங்கு என்றுதான் வக்கீல் வாசிப்பார். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நிலத்தில் பிரிபடாத பங்கு என்று யு.டி.எஸ். போடுகிறார்களே, அங்கே ஷேர் சரியான சொல். எங்களைப் போலப் பிரித்து, எல்லை காட்டி, தனியாக அனுபவித்து வருகிற வீட்டுக்குப் 'போர்ஷன்' என்று எழுத வேண்டும். அதிலும் வெறுமனே எழுதாமல் 'டிவைடட் அண்டு டிமார்க்கேட்டட் நார்தர்ன் போர்ஷன்' என்று எழுதி, எந்த வருஷப் பாகப்பிரிவினை, என்ன ஆவண எண், எந்த ஷெட்யூல் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு விடுகிற போர்ஷன் என்று நாம் சொல்லிச் சொல்லி அது என்னமோ மட்டமான சொல் போலத் தோன்றுகிறது. பத்திரத்துக்கு அதுதான் பொருத்தம். 'பார்ட்' என்று போட்டாலும் தப்பில்லை, ஆனால் அது எதற்கும் ஒட்டும் சொல், பிரித்ததா பிரிக்காததா என்பதை அது சொல்லாது.

வக்கீலின் குறிப்பில் அடுத்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. புறவாசல் காலியிடத்துக்கு 'எம்ப்டி பிளேஸ் பேக்சைடு' என்றும், முடுக்குக்கு 'காமன் பிளேஸ்' என்றும் அடித்திருந்தார்கள். நமக்கு இடம் என்ற ஒரு சொல் போதும். மனையும் இடம், உட்காரவும் இடம், பஸ்ஸிலும் இடம். ஆங்கிலத்தில் பிளேஸ் என்றால் ஊர், தலம், இருக்கும் இடம், அவ்வளவுதான். நிலத்தை அளந்து விற்கிற பத்திரத்தில் அதற்கு வேலையே இல்லை. கட்டடம் இல்லாத மண் என்றால் வேக்கன்ட் லேண்ட், வீடு கட்டத் தோதான மனை என்றால் வேக்கன்ட் சைட், வீட்டோடு சேர்ந்த பின்பக்கம் என்றால் பேக்யார்டு. ஸ்பேஸ் என்பதையும் யோசித்துத்தான் போட வேண்டும். லே-அவுட் மனை வைத்திருப்பவர்கள் காகிதத்தில் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று கண்டால் கவனியுங்கள். பூங்காவுக்கென்று ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிற ஓ.எஸ்.ஆர். நிலத்தைச் சொல்வதும் அதே பெயரால்தான். உங்கள் வீட்டுக் கொல்லையை அப்படி எழுதிவைத்தால், ஒருநாள் யாராவது கேள்வி கேட்பார்கள்.

முடுக்கு விஷயம் இன்னும் மோசம். எங்கள் வளவில் முடுக்கு யாருக்கும் சொந்தமில்லை. கடைசி வீடு வரை எல்லோருக்கும் நடக்கப் பாத்தியம் மட்டும்தான் உண்டு. தபசிலில் எழுத வேண்டியது அந்த உரிமையை. 'காமன் பேசேஜ்' என்று போட்டு, அதன் வழியாகப் போகவர 'ரைட் ஆஃப் வே' உண்டு என்று தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால், வீட்டுக்குப் போக வழியே இல்லாத சொத்து என்று வக்கீல் எழுதிவிட்டார். கிணற்றுக்கும் அதே கதைதான். கிணற்றை விற்கவில்லை, தண்ணீர் இறைக்கிற உரிமையைத்தான் கொடுக்கிறோம். வளவு, அக்ரஹாரம், லைன் வீடு என்று சேர்ந்து குடியிருக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்தும்.

மச்சு விஷயத்தில் எங்கள் தம்பியின் கைங்கரியமும் உண்டு. இங்கே அடித்துக் கொடுத்ததில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அவன் அதை 'செகண்டு ஃப்ளோர்' என்று மாற்றிவிட்டான். அமெரிக்காவில் தெருமட்டத்துத் தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அதற்கு மேல் செகண்டு. நமக்கோ இங்கிலாந்து வழக்கம், கீழே கிரவுண்டு, அதற்கு மேல் ஃபர்ஸ்ட். வீட்டுத்தீர்வை ரசீதில் தரைத்தளமும் முதல் தளமும்தான். பவரில் இரண்டாம் தளம் வந்ததும், அனுமதி இல்லாமல் இன்னொரு மாடி எழுப்பியிருக்கிறார்களோ என்று வங்கி இன்ஜினியர் வந்து தட்டட்டி வரை ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். போனில் தம்பியைப் பிடித்து ஏசினேன். "இங்க அப்படித்தானேக்கா சொல்லுவாங்க" என்றான். அங்கே அப்படித்தான். ஆனால் அந்தப் பத்திரத்தைப் படிக்கப்போகிறவர் நியூஜெர்சியில் இல்லை, பாளையங்கோட்டையில் இருக்கிறார். நோட்டரி கையெழுத்துக்குத்தான் சாட்சி, வீட்டைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எந்த ஊர் ஆங்கிலம் என்று சந்தேகம் வந்தால் பதிவாளரும் வங்கி வக்கீலும் வாசிக்கிற ஆங்கிலத்தையே எழுதுங்கள். ஹால் என்றால் அமெரிக்காவில் நடைவழி என்பார்களாம், இருக்கட்டும். இங்கே பட்டாசலுக்கு ஹால் என்று போட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

இவ்வளவும் பேசித் தீர்க்கலாம் போலத்தான் இருந்தது. அளவு வந்ததும் கை விட்டுப் போயிற்று. அப்பாவின் பத்திரத்தில் தென்வடல் 12 தச்சு முழம், கிழமேல் 16 தச்சு முழம் என்று இருக்கிறது. அடித்தவர் முழத்தை ஒன்றரை அடி என்று கணக்குப் போட்டு 18 அடிக்கு 24 அடி என்று எழுதிவிட்டார். சாதா முழம்தான் ஒன்றரை அடி. தச்சு முழம் 33 அங்குலம், அதாவது இரண்டே முக்கால் அடி. அந்தக் கணக்கில் 33 அடிக்கு 44 அடி, 1452 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக மூன்றேகால் சென்டுக்கும் கொஞ்சம் கூடுதல். பவரில் இருந்ததோ 432 சதுர அடி, முழுசாக ஒரு சென்ட் கூட இல்லை. பட்டாவில் 135 சதுர மீட்டர் என்று ஒழுங்காக இருந்தது. வக்கீல் கேட்டாராம், "மிச்சத்த யாரு வச்சிருக்கா?"

பத்திர எழுத்தரிடம் போய்க் கேட்டால், "ஏன் கெடந்து பதறுதிய, கிரயப் பத்திரத்துல திருத்திக்கிடலாம்" என்றார். முடியாது. பவரில் கொடுத்த அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நான் கிரயம் எழுத முடியும். பிழைத்திருத்தல் போட்டாலும் தம்பிதான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கும் அதே நோட்டரி, அதே அப்போஸ்டில், அதே கூரியர். அதைவிட, பழைய பவரை ரத்து செய்கிற வாசகத்தோடு புதுசாகவே எழுதிவிடலாம் என்று வக்கீல் சொன்னார். அன்று வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பத்திரம் பதிய மாட்டேன் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கடன் அனுமதித்த கெடுவும் முடிந்து, திரும்ப விண்ணப்பித்தார்கள். அந்தச் சாக்கில் விலையில் ஒன்றரை லட்சம் குறைக்கக் கேட்டார்கள். பேசிப் பேசி 75,000-ல் நின்றது. நோட்டரி, அப்போஸ்டில், கூரியர், முத்திரைத் தீர்வை, எழுத்துக்கூலி எல்லாம் இரண்டாம் தடவை கொடுத்ததில் 38,000 பக்கம் போனது. கடை பூட்டிக் கிடந்த நாட்களின் வியாபாரத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டாவது பவரை எங்கள் தெருவில் இருக்கிற ஒரு மாமாதான் எழுத உதவினார். முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் திறக்கும் முன் அளவு டேப் இருக்கிறதா என்று கேட்டார். நடுச்சுவரிலிருந்து வடபுறச் சுவர் வரைக்கும் புறவாசலில் அளந்தோம். அங்கணாக்குழி ஓரத்தில் டேப்பின் கொக்கி பிடிக்காமல் சுண்டிச் சுண்டி ஓடிவந்தது. துவைக்கிற கல்லை நகர்த்தி அதன்மேல் என்னை மிதித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். 33 அடி 2 அங்குலம். "ஒங்கப்பா காலத்து ஆசாரி கை சுத்தம்ட்டி" என்றார். அதன்பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வரைபடம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்வி கேட்டார். மேலே கூரை உண்டா, ஆகாசமா? நமக்கு மட்டும் சொந்தமா, எல்லோருக்கும் பொதுவா? விற்கிறது மண்ணையா, கட்டடத்தையா, வெறும் பாத்தியத்தையா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஆங்கிலச் சொல் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கூரையுள்ள முன்பக்கம் வராண்டா, வீட்டுக்குள் வானம் பார்த்த முற்றம் கோர்ட்யார்டு, பின்னால் சுவருக்குள் அடங்கிய மண் பேக்யார்டு. தார்சாவும் பட்டாசலும் நம் ஊர்ப் பெயராகவே இருக்கட்டும் என்று ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அது என்ன என்று ஒரு சின்ன விளக்கம் கொடுத்தார். மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுகிறவருக்கு அதனால் குழப்பம் வராது.

'ரூம்' பற்றி அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. எண்ணிச் சொன்னால், இரண்டு ரூம், மூன்று ரூம் என்றால் அறை. எண்ணாமல் வெறும் ரூம் என்றால் ஆங்கிலத்தில் புழங்குகிற அளவு இடம் என்று அர்த்தம் மாறிவிடும். அதனால் எத்தனை என்று எண்ணிக்கையோடு போடச் சொன்னார். 'ஏரியா' என்றால் நாம் பேட்டை ஏரியா, ஜங்ஷன் ஏரியா என்போம். பத்திரத்தில் அது பரப்பளவு. 'காம்பவுண்டு' நமக்குச் சுவர், ஆங்கிலத்தில் சுவருக்குள் இருக்கிற வளாகம் முழுவதும். சுவரைச் சொல்ல வேண்டுமானால் வால் என்று சேர்த்தே எழுத வேண்டும். பீஸ் அண்டு பார்சல் ஆஃப் லேண்ட் என்று பத்திரத்தில் வருகிற வாசகத்தைப் பார்த்து நான் முதலில் பயந்தேன், அல்வாவைத்தானே பார்சல் கட்டுவார்கள்! அது பழைய சம்பிரதாய வாசகம், நிலத்துண்டு என்றுதான் அர்த்தம். அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு சின்ன இடறல். வங்கிப் படிவத்தில் சொத்து வகை கேட்டிருந்த இடத்தில், போனில் கேட்டு நிரப்பிய பையன் ஃபிளாட் என்று டிக் அடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது மனை என்கிற பிளாட். நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. உண்மையில் எங்களுடையது இரண்டுமே இல்லை, தனி வீடு. போனில் மனை என்றோ அடுக்குமாடி என்றோ தமிழிலேயே சொல்லிவிடுங்கள்.

மாமா சொல்லி நாங்கள் செய்த இரண்டு காரியங்களால் இரண்டாவது பவர் ஒரே வீச்சில் நின்றது. ஒன்று, ஆங்கிலத் தபசிலுக்குக் கீழே 1994 பத்திரத்தின் தமிழ்த் தபசிலை எழுத்துக்கு எழுத்து அப்படியே சேர்த்தோம். இரண்டுக்கும் முரண் வந்தால் தமிழில் உள்ளதே செல்லும் என்று ஒரு வரியும் போட்டோம். நோட்டரிக்கு அதில் ஆட்சேபம் இல்லை, முக்கால்வாசி அவர் வாசிக்கிற மொழியில்தானே இருந்தது. இன்னொன்று, தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வரைவை வாங்குபவரின் வங்கி வக்கீலுக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அவர் திருத்தியது ஒரே இடம், ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு. முதல் தடவையே இப்படி அனுப்பலாம் என்று பத்திர எழுத்தரோ புரோக்கரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரைவைப் பார்த்துத் தர அந்த வக்கீல் என்னிடம் பைசா வாங்கவில்லை. ஒப்புதல் வந்த பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே என்று தம்பியிடம் சொல்லி, பி.டி.எஃப். ஆக மட்டும்தான் அனுப்பினேன்.